முறைப்பாடும் புறுபுறுப்பும்

யான் எமது கல்லூரியின் மேற்பிரிவிற் பயின்ற காலத்தில், ஆங்கில ஆசிரியர் ஒருநாள் சிறு பந்தியொன்றைக் கரும்பலகையில் எழுதி, அதனைத் தமிழாக்குமாறு பணித்தார். போர்வீரன் ஒருவனைப் பற்றிய பந்தி அது. அவ்வீரனிடம் ஒரு ‘கிறவுஸ்’ இருந்தது என்று அதில் ஒரு வசனம் வந்தது. அகராதியைப் புரட்டிய யான், அது குளிர்நாட்டுப் பறவையொன்றின் பெயர் என்று கண்டு, “அப்போர்வீரனிடம் ஒரு காட்டுக்கோழி இருந்தது” என்று எழுதி வைத்தேன். ஆசிரியர் அதனை வகுப்பறிய வாசித்தார். சிரிப்பு அடங்கிய பின்னர், “தம்பி, அவனிடம் கோழி இருந்திருந்தால் அவன் ஏன் புறுபுறுக்கப் போகிறான்?” என்றார். அச்சொல்லின் பொருள் அன்று என் நெஞ்சிற் பதிந்தது, இன்றுவரை அகலவில்லை.

யூபிலி மலருக்கு யாதேனும் எழுதுக என்று நண்பர்கள் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதற்குப் பலர் உளர் ஆதலின், யான் அக்காட்டுக்கோழியையே மீண்டும் பிடித்துவரத் துணிந்தேன். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அச்சொல்லை வகுப்பிற் பிழையாக விளங்கியமை நகைப்புக்கு இடமாயிற்று. பின்னாளில் அதனைப் பிழையாக வழங்கியமையோ ஒரு மனிதருக்கு அநீதியாயிற்று. அந்த இரண்டாம் பிழையைச் சொல்லுதற்கே இக்கட்டுரை எழுந்தது.

ஆங்கிலத்தில் ‘கிறவுஸ்’ என ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள. ஒன்று, ஸ்கொத்லாந்து முதலிய இடங்களின் புதர்நிலங்களில் வாழும் பறவையின் பெயர். ஓகஸ்ட் 12ஆம் நாளில் அங்கே அதன் வேட்டைக்காலம் தொடங்கும். மற்றையது, குறைகூறிப் புறுபுறுத்தலைக் குறிக்கும் சொல். இவ்விரண்டுக்கும் உறவு உண்டென்பதற்குச் சான்று இல்லை. பூம்புகாரின் புகார் வேறு, பொலிசிற் கொடுக்கும் புகார் வேறு என்பது போன்றதே இதுவும்.

புறுபுறுத்தலைக் குறிக்கும் சொல் 1880களிலே பிரித்தானியப் படைவீரரின் கொச்சைப் பேச்சிலிருந்து அச்சேறியது. முணுமுணுத்தலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழியில் அது வந்திருக்கலாம் என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். அப்பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே ‘கிறட்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. அதுவும் முதலில் முணுமுணுத்தலையே குறித்தது. பின்னரே, மனத்தில் வைத்து வளர்க்கும் வன்மத்தைக் குறிக்கலாயிற்று. வெளியேற வழிபெறாத முணுமுணுப்பு உள்ளே உறைந்து வன்மமாகும் என்பதனை ஒரு சொல்லின் சரித்திரமே எமக்கு உணர்த்துகின்றதன்றோ?

இச்சொல் படைமுகாமிலே பழகியதில் வியப்பில்லை. பிரித்தானியப் படைச்சட்டம் 1881ஆம் ஆண்டிலேயே சிப்பாய்க்கு முறையிடும் உரிமையை எழுத்தில் வழங்கியிருந்தது. உணவு வேளையிலே கடமை அதிகாரி சார்ஜன்ற் பின்தொடர மேசை மேசையாக வந்து, “முறைப்பாடு ஏதும் உண்டோ?” என்று வினவுதலும் வழக்கமாயிருந்தது. ஆயின், தன் சார்ஜன்றின் முகத்துக்கு எதிரே எழுந்து, இறைச்சி கெட்டுவிட்டது என்று சொல்லத் துணியும் சிப்பாய் எத்துணைப் பேர்? அதிகாரி அப்பாற் சென்றதும் மேசையில் ‘கிறவுஸ்’ தொடங்கும். கேட்கவேண்டியவர் இருந்தபோது மௌனம். அவர் போனபின் பேச்சு. கிப்ளிங் என்னும் கவிஞர் 1892இல் வெளியிட்ட படைமுகாம்ப் பாடல்களுள் ஒன்று இளம்வீரனுக்கு அறிவுரை கூறுவது. இரக்கமற்ற சார்ஜன்ற் கடும்பணி தந்தாலும் புறுபுறுக்காதே, பணிந்து நடந்தால் உனக்கு நன்மை உண்டு என்பது அதன் ஓரிடத்துக் கருத்து. சார்ஜன்ற் இரக்கமற்றவன் என்பதை அவ்வறிவுரையே ஒப்புக்கொள்கின்றது. ஆயினும் திருந்தவேண்டியவன் சிப்பாயே எனத் தீர்ப்புக் கூறுகின்றது.

இனி, இச்சொல்லின் இனத்தவரையும் சிறிது நோக்குவோம். ‘கொம்பிளெயின்’ என்னும் பொதுச்சொல், மார்பில் அறைந்து அரற்றுதலைக் குறித்த இலத்தீன் மூலத்தினின்றும் வந்தது; எம்மவர் மாரடித்தல் என்பது அதுவே. அவ்வழியில் வந்த சொற்களே நீதிமன்றத்தில் வழக்காளியையும் அவர் சமர்ப்பிக்கும் வழக்குரையையும் ஆங்கிலத்திற் குறிக்கின்றன. மாரடிப்பு வழக்கு மன்றத்தை அடைந்து மதிப்புப் பெற்றது. ‘கிறீவன்ஸ்’ என்பது பாரம் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்தது. ஒருவர்மேல் மற்றொருவர் ஏற்றிய சுமை என்பது அதன் உட்கருத்து. சுமையென்றால் இறக்கவேண்டியவர் ஒருவர் இருக்கவேண்டும். ‘விஞ்ச்’ என்பதோ நாய் முனகுவதைப் போன்ற சிணுங்கலைக் குறிப்பது. தம் நாட்டிற் குடியேறிய ஆங்கிலேயரை அவுஸ்திரேலியர் அச்சொல்லாலேயே எள்ளுவர். இவ்வாறு, ஒரே மனக்குறை எந்தச் சொல்லாற் சுட்டப்படுகின்றதோ, அதற்கேற்ப மதிப்பையோ இகழ்ச்சியையோ பெறுகின்றது.

உண்மையான முறைப்பாடு எவ்வாறிருக்கும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் உண்டு. ஏறத்தாழக் கி.மு. 1750ஆம் ஆண்டளவில், ஊர் என்னும் பண்டை நகரில் வாழ்ந்த ஏயா-நாசிர் என்னும் செப்பு வணிகனுக்கு, நன்னி என்பான் களிமண் பலகையில் எழுதுவித்த ஓலை அது. தருவதாகச் சொன்ன நல்ல செம்பைத் தரவில்லை. அனுப்பிய ஆளை அவமதித்தாய். இனி யானே தெரிந்தெடுத்துத்தான் பெறுவேன் என்பன அதன் செய்திகள். யார், யாருக்கு, எதுபற்றி, என்ன பரிகாரம் வேண்டி எழுதுகிறார் என்பன யாவும் அதிலே தெளிவாக உள. 3,700 ஆண்டுகள் கடந்தும் அக்களிமண் பலகை தன் வழக்கை மறவாது சொல்லிக்கொண்டிருக்கின்றது. புறுபுறுப்போ வாயைவிட்டு நீங்கும்போதே காற்றோடு கலந்துவிடுவது.

எம் மொழிக்கு வருவோம். தமிழகத்தார் ‘புகார்’ என்பர். கூவி அழைத்தலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல் அது. முன்னர் வழங்கிய ‘பிராது’ என்பதும் அபயக்குரலைக் குறித்த பாரசீகச் சொல்லின் திரிபே. ஈழத்தவராகிய யாம் ‘முறைப்பாடு’ என்கின்றோம். முறை என்பது ஒழுங்கு. முறை என்பது நீதி. அரசன் முறைசெய்தான் என்றால் நீதி வழங்கினான் என்பது பொருள். ஆகவே முறைப்பாடு வெறும் கூக்குரல் அன்று. நிலைகுலைந்த நீதியை மீண்டும் நிலைநிறுத்துக என்னும் வேண்டுகோள். பாண்டியன் அவைக்களத்திற் கண்ணகி செய்தது முறைப்பாடு. குற்றம் இன்னதென்றாள், சான்றாகச் சிலம்பைக் காட்டினாள், தீர்க்கவேண்டியவன் முன்னிலையிலேயே சொன்னாள். இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது யாழ்ப்பாணத்தார் நாவிலே நாள்தோறும் வழங்கும் ‘புறுபுறுத்தல்’. ஒலியையே பொருளாகக் கொண்ட அச்சொல்லுக்கு முன்னிலை இல்லை, சான்று இல்லை, முடிவும் இல்லை. ‘கிறவுஸ்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைப்பது அரிது. என் ஆசிரியர் அகராதியைத் திறவாமலே அதனைச் சொல்லிவிட்டார்.

இவ்வேறுபாட்டை யான் இத்துணை வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் வெளிவரும் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘கிறவுஸ்’ என்னும் சொல்லை மிகுந்த தாராளத்துடன் வழங்குகின்றன. விவசாயிகளின் கிறவுஸ், மீனவரின் கிறவுஸ், ஆசிரியரின் கிறவுஸ் என்று தலையங்கங்கள் காண்கின்றோம். ‘கிறீவன்ஸ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் 9 எழுத்து; ‘கிறவுஸ்’ என்பதற்கு 6 எழுத்தே வேண்டும். ஒடுங்கிய பத்தியில் அச்சுக்கோப்போருக்கு அது வசதியாயிருந்திருக்கும். சொற்கள் காலத்தோடு பொருள் மாறுவன. அகராதிகளும் அச்சொல்லுக்கு முறைப்பாடு என்னும் பொருளை ஏற்றுக்கொண்டுள்ளன. இதில் என்ன குறை என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், படைமுகாமிற் பெற்ற வாசனை அச்சொல்லை விட்டு முற்றாக நீங்கவில்லை. வலை அறுபட்ட மீனவரின் வழக்கைக் ‘கிறவுஸ்’ என்று எழுதும்போது, கேட்பவர் செவியில் ஒரு சலிப்பு முன்கூட்டியே புகுந்துவிடுகின்றது. தீர்க்கவேண்டிய வழக்கு, பொறுத்துக்கொள்ளவேண்டிய இரைச்சலாகின்றது. இதனை யான் பத்திரிகை படித்து அறிந்தேனல்லன். என் கையாலேயே செய்து அறிந்தேன்.

இளமையில் யான் ஓர் அலுவலகத்தில் இலிகிதராக இருந்தேன். அங்கே முதியவர் ஒருவர் பியோனாகப் பணியாற்றினார். கோவைகளைச் சுமந்து மேசைக்கு மேசை செல்லும்போதெல்லாம் அவர் வாய் எதையோ புறுபுறுத்துக்கொண்டேயிருக்கும். அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு பதிவேட்டிலே தவறாக எழுதப்பட்டுள்ளது என்றும், அதனால் இளைப்பாற்றுச் சம்பளத்தில் 3 ஆண்டு குறையப்போகின்றது என்றும் அவர் சொல்வார். யாம் இளைஞர், எமக்கு அது ஒரு வேடிக்கை. ஒருநாள் அவருடைய விண்ணப்பம் ஒன்று என் மேசைக்கு வந்தது. மேலதிகாரிக்கு அனுப்புமுன் அதன் ஓரத்தில் குறிப்பெழுதுதல் என் கடமை. ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் எழுதினேன். ‘வழக்கமான கிறவுஸ்’ என்பது அவற்றின் பொருள். மேலதிகாரி அதன் கீழே ஒப்பமிட்டார். கோவை அலுமாரிக்குள் சென்றது. என் ஆங்கிலப் புலமையை எண்ணி அன்று யான் மகிழ்ந்தேன் என்பதையும் மறைத்தற்கில்லை.

அவர் இளைப்பாறிச் சில ஆண்டுகள் கழிந்தபின், பழைய கோவைகளை ஒழுங்குசெய்யும் பணி எனக்கு வாய்த்தது. அப்பொழுது அக்கோவையை முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். ஒன்றன்று, மூன்று விண்ணப்பங்கள் அதிலே இருந்தன. முதலாவது 11 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒவ்வொன்றிலும் பெயர், திகதி, வேண்டும் பரிகாரம் யாவும் தெளிவாக இருந்தன. நியமனக் கடிதத்தின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது. எதற்கும் மறுமொழி அனுப்பியதாகத் தெரியவில்லை. மூன்றாவதன் ஓரத்தில் என் கையெழுத்து. அவர் செய்தவை முறைப்பாடுகள். அவை செவிடன் காதில் ஊதிய சங்கானபின் எஞ்சியதே அவர் வாயிலிருந்த புறுபுறுப்பு. யானோ எஞ்சியதைக் கேட்டு, முன்னையதற்குப் பெயர் சூட்டிவிட்டேன்.

கோவையை உரிய குறிப்புடன் மீண்டும் மேலே அனுப்பினேன். அப்போதிருந்த அதிகாரி அதனை ஏற்றார். ஆயின் தீர்வு வருமுன் முதியவர் காலமாகிவிட்டார். நிலுவைப் பணத்தை அவர் மனைவியார் வந்து பெற்றுக்கொண்டார். கையொப்பம் இட்டபின் என்னை நோக்கி, “அவர் நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தது இதுக்குத்தானே தம்பி” என்றார். அவ்வம்மையாருக்கு என் ஓரக்குறிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்லும் துணிவு எனக்கு அன்று வரவில்லை. இன்று இம்மலரிலே எழுதுகின்றேன்.

புறுபுறுப்போர் யாவரும் நீதி மறுக்கப்பட்டோர் என்று யான் வாதிக்க வரவில்லை. சொதியில் உப்புக் குறைவென்றும், பேரப்பிள்ளைகள் கதவை அடித்துச் சாத்துகிறார்கள் என்றும் நாள்முழுதும் புறுபுறுக்கும் பெரியோர் எம் வீடுகளில் உளர். அது அவர்க்கு ஒரு பொழுதுபோக்கு, எமக்கும் பழகிய சங்கீதம். சிப்பாயின் புறுபுறுப்பும் அவன் நெஞ்சச் சுமையைச் சிறிது இறக்கிவைத்திருக்கும். வாசல் திறந்திருக்கவும் அதன் வழியே செல்லாது திண்ணையிலிருந்தே குறைகூறுவோரும் உளர். அவரைக் கண்டித்தல் தகும். ஆயின், கண்டிக்குமுன் ஒரு கடமை உண்டு. வாசல் உண்மையிலே திறந்திருக்கின்றதா என்று எழுந்துசென்று பார்க்கவேண்டும். “ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்பது எம்மவர் பழமொழி. அம்பலம் ஏறாத சொல் எங்கே போகும்? புறுபுறுப்பாய்த்தான் போகும்.

வாசல் திறந்திருத்தல் என்றால் என்ன என்பதற்கு இந்நாட்டிலேயே ஓர் உயர்ந்த உதாரணம் உண்டு. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசுசெய்த எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுகின்றது. சோழநாட்டினின்றும் வந்த அத்தமிழ் மன்னன், வழக்கிலே நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி வழங்கினான் என்று அந்நூல் புகழ்கின்றது. தன் படுக்கையின் தலைமாட்டிலே மணி கட்டி, அதன் நீண்ட கயிற்றை நீதி வேண்டுவோர் இழுக்குமாறு விட்டிருந்தானாம். தேர்க்காலிற் கன்றை இழந்த பசு அதனை இழுத்தது. திருவாரூரில் மனுநீதிகண்ட சோழனைப் பற்றி வழங்கும் கதையும் இதுவே. பாம்புக்குக் குஞ்சைப் பறிகொடுத்த பறவையும் இழுத்தது. மூன்றாவதாக வந்தாள் ஒரு கிழவி. வெயிலிற் பரப்பிய அரிசி பருவந்தப்பிய மழையால் நனைந்துவிட்டதென்று, நனைந்த அரிசியையும் எடுத்துக்கொண்டு சென்று மணியை அசைத்தாள்.

மழையைக் குறைகூறுதலைவிடப் பயனற்ற புறுபுறுப்பு வேறு யாதுளது? எம் அலுவலகமாயின் யாது செய்திருப்போம் என்பதனை யான் சொல்லவேண்டியதில்லை. அந்த மூன்று சொற்கள் எழுதப்பட்டிருக்கும். மன்னனோ, மழை பருவந்தப்பியது தன் ஆட்சியின் குறையே என்று கருதி, உண்ணாநோன்பிருந்தான் என்பது கதை. அற்புதத்தை நம்புவோர் நம்புக. யான் போற்றுவது கயிற்றை. கிழவியின் கைக்கும், பசுவின் கொம்புக்கும் எட்டும் அளவுக்கு அது நீண்டிருந்தது. அக்கயிறு இருந்தமையால், புறுபுறுப்பாய் முடிந்திருக்கவேண்டியது முறைப்பாடாயிற்று.

எம் காலத்திலும் கயிறுகள் கட்டப்பட்டுள்ளன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்னும் பதவிக்கு இடமளித்தது. 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதன் கடமைகளை வகுத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அரச அலுவலகங்களின் தகவல்களைக் கேட்டறியும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. என் அலுவலக முதியவரின் காலத்தில் அவ்வுரிமை இருந்திருப்பின் அக்கோவை அலுமாரியில் அத்துணைக் காலம் உறங்கியிராது. ஆயின் கயிறு கட்டினால் மட்டும் போதாது, எட்டவும் வேண்டும். முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியிலே வாக்குமூலம் எழுதப்பெறும் உரிமை உடையவராதல் வேண்டும் என்றும், பொலிஸ் நிலையங்களில் இருமொழியும் அறிந்த உத்தியோகத்தர் எந்நேரமும் இருத்தல் வேண்டும் என்றும், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையிலே விதந்துரைத்தது. தன் துயரைத் தமிழிற் சொல்லி, தனக்கு விளங்காத எழுத்தின் கீழே கையொப்பம் இடுபவன் செய்தது முறைப்பாடு என்று யார் துணிந்து கூறுவார்?

இறுதியாக, பழைய மாணவராகிய எம்மைப் பற்றி ஒரு வார்த்தை. எமது இராப்போசன விருந்துகளில், இறுதிப் பதார்த்தம் வந்ததும் புறுபுறுப்புத் தொடங்குகின்றது. நூல்நிலையம் முன்போல் இல்லை. மைதானம் முன்போல் இல்லை. மாணவரின் ஆங்கிலம் முன்போல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுக்கம் முன்போல் இல்லை. கைத்தொலைபேசி வந்தபின் விருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை, நடுநிசியிலும் புறுபுறுக்கின்றோம். ஆயின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே, “எவருக்கேனும் எதனையும் சொல்ல உண்டோ?” என்று தலைவர் வினவும்போது, அந்தச் சிப்பாய்களைப் போலவே வாய்மூடி இருக்கின்றோம். எம்மை அச்சுறுத்தும் சார்ஜன்ற் எவருமிலர். ஆகவே எமக்கு மன்னிப்பும் இல்லை. குறை கண்டோர் பெயரும் பரிகாரமும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவாராக. சங்கத்தார் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி எழுதுவாராக. இயலாது என்னும் மறுமொழியும் மறுமொழியே.

வகுப்பறையின் பின்வாங்கில் இருந்து புறுபுறுக்கும் மாணவனோ வேறு நிலையில் உள்ளான். அவனுக்கு அஞ்சத்தக்கவர் உளர். அவன் ஏதோ ஒன்றை ஒருமுறை முறையாகச் சொல்லியிருக்கலாம், எவரும் கேளாதிருந்திருக்கலாம். யூபிலி ஆண்டில் கட்டடநிதி திரட்டுகின்றோம், நன்று. அதனோடு, தவணைக்கு ஒருமுறையேனும் எந்த மாணவனும் இடையில் ஒருவருமின்றி அதிபர் முன் சென்று தன் குறையைச் சொல்லவும், சொன்னதற்காகத் துன்புறாதிருக்கவும் ஓர் ஒழுங்கு செய்வோமாயின், அது எக்கட்டடத்துக்கும் குறைந்த ஞாபகச்சின்னம் ஆகாது. அதற்குப் பெரும்பணமும் வேண்டியதில்லை.

என் பிழையைத் திருத்திய ஆசிரியர் இன்று இல்லை. அவர் இருந்திருப்பின், என் இரண்டாவது மொழிபெயர்ப்பையும் அவரிடம் காட்டியிருப்பேன். ஒரு மனிதரின் 11 ஆண்டு முறைப்பாட்டை மூன்று சொற்களாக மொழிபெயர்த்தேனே, அதற்கு அவர் வகுப்பைச் சிரிக்க விட்டிருக்கமாட்டார்.